விற்பனைக்கு ஒரு கிரைண்டர்

"மூணாவது ஆளையும் பிளாக் பண்ணிட்டியா?" மரியசெல்வம் தலையில் கை வைத்தான். "ஞாயித்துக்கிழமை வீட்டைக் காலி பண்ணணும். புது வீட்டு மாடிக்கு இம்புட்டுப் பெரிய கிரைண்டரை யாரு சுமக்குறது?"

"அவங்க யாரும் வாங்குற ஆளு இல்லைங்க" என்றாள் அவன் மனைவி அன்புக்கரசி.

"எட்டாயிரம்னு ஆன்லைன்ல போட்டோம். இந்த மூணாவது ஆளு பேரமே பேசாம சரின்னான். கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுனா உடனே பணம் ஏறும்னான்."

"ஸ்கேன் பண்ணுனா நம்ம பணம்தான் போகும்."

"சரி, மத்த ரெண்டு பேரு கோடு எதுவும் அனுப்பலையே. அவங்களையும் நீ பாட்டுக்கு வெட்டி விட்டா எப்படி?"

போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, சாணார்பட்டியில இட்லிக் கடை வச்சிருக்கேன். ஆன்லைன்ல உங்க கிரைண்டர் படம் பாத்தேன். உள்ள குழவியவே காணோமே? அது இல்லாம எப்படிக்கா மாவாட்டுறது?"

அன்புக்கரசியின் முகம் மலர்ந்தது. "குழவி பத்திரமா இருக்கு தம்பி. நேர்ல வாங்க, ஓட்டிப் பாத்துட்டுக் காசு குடுங்க."

மரியசெல்வம் விளம்பரத்தைத் திறந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். வெறும் தொட்டிதான் இருந்தது. "அடிப்பாவி! குழவி இல்லாததைக்கூடக் கவனிக்காமலா போட்டோ எடுத்த?"

அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்தாள். உள்ளே குழவி இருந்தது.

"நாந்தாங்க எடுத்து ஒளிச்சு வச்சேன். நெசமாவே மாவாட்டுறவன் மொதல்ல இதைத்தான் கேப்பான். அந்த மூணு பேரும் கேக்கவே இல்ல."

மரியசெல்வம் தன் பழைய பைக்கின் சாவியை நீட்டினான்.

"இதுக்கும் நீயே போட்டோ எடு. எதைக் கழட்டி வைக்கணும்னு மட்டும் சொல்லு."