இரண்டு மடங்கு

"அம்மாவுக்கு இன்னும் நாற்பது நாள்தான்னு டாக்டர் சொல்லிட்டார். கிளம்பி வாடா" என்று போனில் அழுதாள் அக்கா.

"எங்க சாஃப்ட்வேர் வேலையில முடிக்க யார் எத்தனை நாள் சொன்னாலும் நான் ரெண்டால பெருக்கிடுவேன்க்கா. ஒரு தடவைகூடத் தப்பினதில்லை. எண்பது நாள் இருக்கு."

"அம்மா என்ன உன் ஆபீஸ் புராஜெக்டாடா?"

"ஐம்பது நாள்ல முடிச்சுக் கொடுத்துட்டு ஓடி வந்துடறேன்."

இருபதாம் நாள் அம்மா போய்விட்டாள்.

ஓடி வந்த மகன் மருத்துவமனையில் டாக்டரைப் பிடித்து உலுக்கினான். "நாற்பது நாள்னீங்களே!"

"இருபதுன்னுதான் எனக்குத் தெரியும். மனசு தாங்கணுமேன்னு குடும்பத்துக்கிட்ட எப்பவும் ரெண்டு மடங்காத்தான் சொல்லுவேன் தம்பி."

"அம்மாகிட்ட?"

"அவங்க விடலை. சரியான கணக்கைக் கேட்டு வாங்கிட்டாங்க. பிள்ளைக்கு வேலை கெடும், சொல்லாதீங்கன்னாங்க. அப்புறம் தினமும் கதவுப் பக்கமா திரும்பிப் படுத்துக்கிட்டு, மிச்ச நாளை விரல்ல எண்ணிக்கிட்டே இருப்பாங்க."