ஆறாவது இசைத்தட்டு

தூசி துடைக்க எடுத்த இசைத்தட்டுப் பெட்டியைச் சூடான அறைச் சூடேற்றி ரேடியேட்டர் மேல் வைத்தது நான்தான். நியூ ஜெர்சிக் குளிரில் வேறு யாருக்கும் அந்த யோசனை வராது. ஒரு பழைய பாடகரின் புகழ்பெற்ற பாட்டுகள், மொத்தம் ஆறு தட்டுகள். ஆறாவது மட்டும் அப்பளமாய் நெளிந்துவிட்டது. மாமனாரிடம் சொல்லுமளவுக்கு வீரம் இல்லாததால் குப்பையில் போட்டேன். வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனதை நின்று பார்த்தேன்.

ஞாயிறு மதியம் பாஸ்தா முடிந்ததும் மாமனார் நுன்சியோ வழக்கம்போல் பெட்டியைத் திறந்தார். ஆறு தட்டுகள் இருந்தன. ஆறாவது புதிதாய்ப் பளபளத்தது. அதைத்தான் சுழலவிட்டார்.

நான் சமையலறையில் காபி போட்டுக்கொண்டிருந்தேன். பாட்டுக்கு முன் பாடகர், "இது இவருக்காக" என்று ஒரு பேரைச் சொன்னார். காபி பொங்கிய சத்தத்தில் பேர் காதில் விழவில்லை. கூடத்துக்கு வந்தால் என் மனைவி லொரெட்டா அழுதுகொண்டிருந்தாள்.

"யார் பேரைச் சொன்னாரு?"

"காபி ஆறுது, கார்மைன்."

"உன் காபியைக் குடிச்சுச் செத்தவன் பேரா இருக்கும்," என்ற மைத்துனன் டொமினிக் சிரிக்கவில்லை.

"மாமா, நீங்களாவது சொல்லுங்க. லொரெட்டா பேரா?"

"இல்ல மாப்ள. நான் வாங்கினப்ப இதுல அஞ்சுதான். உங்க அத்தை பேரைச் சொல்லத்தான் ஆறாவது வந்துச்சு. அஞ்சாம் நாள் அவ போயிட்டா."

லொரெட்டா பேர் இல்லை என்றதும் எனக்கு மூச்சு வந்தது.

"அப்போ இன்னிக்கு யாரு?"

"நீங்கதான், மாப்ள."