சுகந்தியின் பசி நேரம்

தீம் பார்க் கைப்பட்டையை நாள் முழுக்கக் கழற்றக் கூடாது. அதில் பதிந்த நேரத்தில்தான் பசிக்கும். உள்ளே ஓட்டலில் மேசையும் அப்போதுதான் கிடைக்கும். கணவனுக்கும் மகளுக்கும் மதியம் என்று பதிந்த சுகந்தி, தனக்கு மட்டும் பழக்கத்தில் 'மற்றவர்கள் சாப்பிட்ட பிறகு' என்பதைத் தொட்டுவிட்டாள்.

ஓட்டலில் அவர்கள் பிரியாணியை அள்ளிச் சாப்பிட்டார்கள். அவள் வாயில் அது மண்ணாக இருந்தது. பிறகு ஐஸ்கிரீம், பஜ்ஜி, பாப்கார்ன். ராட்டினத்தின் உச்சியிலும் சுகந்தி மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது, காரில்தான் மகள் கடைசிப் பாப்கார்னை விழுங்கினாள். உடனே சுகந்தியின் வயிறு சுருண்டது.

"என்னங்க, எங்கயாச்சும் நிறுத்துங்க. பசி உயிர் போகுது."

"வீட்டுல போய் தோசை ஊத்திக்கயேன்," என்றான் பிரபாகர். "அப்படியே எனக்கும் ரெண்டு."

கைப்பட்டை மெல்ல அதிர்ந்தது. அவள் பசி அடங்கிவிட்டது.