ஜெனிட்டாவின் பிரஷ்

பள்ளிக்கூடம் கொடுத்த பிரஷ், தினமும் இரண்டு வேளை பல்லைச் சோதித்துத் தகவல் அனுப்பும். ஒரு வேளை தவறினாலும் பிள்ளைக்கு இலவச வைத்தியம் கிடையாது. அதனால், வலிக்கிறதென்று ஜெனிட்டா பிரஷைத் தட்டிவிட்ட நாட்களிலெல்லாம் அம்மா எஸ்தரே அதில் தன் பல்லைத் தேய்த்துக்கொண்டாள். அவளுக்கோ முத்துப் போலப் பல்.

இப்போது கன்னம் வீங்கிய மகளோடு ஆஸ்பத்திரியில் நிற்கிறாள்.

“சொத்தையே இல்லைன்னு பிரஷ் சொல்லுதே. வேற யாரும் இதுல தேய்ச்சீங்களா? அப்படின்னா இலவச வைத்தியத்துலேருந்து பிள்ளை பேரையே எடுத்துருவாங்க” என்றாள் நர்ஸ்.

எஸ்தர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

நர்ஸ் குனிந்து, “வலிக்குதா பாப்பா?” என்றாள்.

ஜெனிட்டா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, இல்லையென்று தலையாட்டினாள்.