சீட்டில் வந்த தலைவி

"பேசாம உக்காரு! உனக்கு எது நல்லதுன்னு உன்னைவிட எனக்குத் தெரியும்."

மேசையில் ஓங்கி ஓர் அடி விழுந்தது. தண்ணீர் டம்ளர் துள்ளிக் கவிழ்ந்தது. கேள்வி கேட்க எழுந்த பெண் கப்சிப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

"காப்பகத்துல பிள்ளைங்களப் பாத்துக்குற வேலைக்கு என் தங்கச்சி பொண்ணு வர்றா. வெளியாள நம்பிப் பிள்ளைங்கள விட முடியுமா? உங்களுக்கு வீட்டுல ஆயிரம் வேலை. இதையும் யோசிச்சு ஏன் மண்டைய உடைச்சுக்கணும்? எல்லாருக்கும் சேர்த்து நானே யோசிச்சுட்டேன். கையெழுத்த மட்டும் போடுங்க. படிக்கவே வேணாம்!"

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. பேசியவள் கைகூப்பிவிட்டு, ஒரு நாடகக்காரியின் மிடுக்கோடு நிமிர்ந்தாள்.

ஒரே தெருவைச் சேர்ந்த, வேலைக்குப் போகும் தாய்மார்கள் சேர்ந்து நடத்தும் குழந்தைகள் காப்பகத்துக்குப் பன்னிரண்டு வருடமாக அவள்தான் தலைவி. எல்லோருக்கும் பெரியக்கா. சின்னச் சின்னச் சங்கங்களை நடத்தும் பெண்களுக்கு 'நேர்மையான தலைமை' என்று ஒருநாள் பயிற்சி என்றதும், 'எனக்கே பயிற்சியா!' என்று சலித்துக்கொண்டுதான் காப்பகத்தின் செயலாளராக இருக்கும் பெண்ணோடு வந்திருந்தாள்.

மதியத்துக்கு மேல் ஒரு விளையாட்டு. பயிற்சி தரும் டீச்சர் நான்கு பேருக்கு மடித்த சீட்டுகளைக் கொடுத்தார்.

"நீங்க எப்படிப்பட்ட தலைவின்னு சீட்டுல இருக்கும். யார்கிட்டயும் காட்டாதீங்க. அதும்படி ஒரு கூட்டம் நடத்திக் காட்டுங்க. நல்ல தலைவியா, மோசமான தலைவியான்னு மத்தவங்க கண்டுபிடிக்கட்டும்."

சீட்டைப் பிரித்ததும் பெரியக்காவுக்குக் குஷி தாங்கவில்லை. இதற்கு எதற்கு நடிப்பு? பன்னிரண்டு வருடமாகச் செய்துவருவதுதானே!

அவளுக்கு முன் தையல் சங்கத்துத் தலைவி, பழ வியாபாரிகள் சங்கத்துத் தலைவி, சலவைக்காரர் சங்கத்துத் தலைவி என்று மூவர் வந்து போனார்கள். மூவரையுமே கூட்டம் 'மோசமான தலைவி' என்றது. மூவரும் 'ஆமாம்' என்று தலையாட்டி, சீட்டைக் கசக்கிக்கொண்டு, வந்த வேகத்தில் போய் உட்கார்ந்தார்கள். தையல்காரி கூட்டம் நடத்திய அழகைப் பார்த்து, வயிறு வலிக்கச் சிரித்தவளே பெரியக்காதான்.

இப்போது கைதட்டல் அவளுக்கு. உச்சி குளிர்ந்துபோய் நின்றாள்.

"சொல்லுங்க, இவங்க எப்படிப்பட்ட தலைவி?" என்றார் டீச்சர்.

"மோசமான தலைவி!"

கூடமே ஒரே குரலில் கத்தியது. அதில் ஓங்கி ஒலித்தது அவளுடைய செயலாளர் பெண்ணின் குரல். கண்ணில் நீர் வரச் சிரித்தபடி அவள் ஓடிவந்து பெரியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்களையே இப்படிக் கிண்டல் பண்ணிக்குவீங்கன்னு சத்தியமா நான் நினைக்கல. அந்தப் 'படிக்கவே வேணாம்' இருக்கே, அப்படியே நீங்க! எம்மாம் பெரிய மனசுக்கா உங்களுக்கு!"

பெரியக்காவின் உள்ளங்கையில் சீட்டு வியர்வையில் நனைந்து கிடந்தது. 'நல்ல தலைவி.' முத்து முத்தான எழுத்து. தப்பாகப் படிக்க வழியே இல்லை.

"சரியாத்தானே சொல்றாங்க?" என்றார் டீச்சர்.

ஒரு தலையாட்டல் போதும். பெரிய மனசுக்காரி என்ற பேர் சும்மா கிடைத்துவிடும். தலை பாதி ஆடியும்விட்டது. ஆனால் அந்தப் பெண் இன்னும் கையை விடவில்லை. கூட வேலை பார்த்த ஏழு வருடத்தில் அவள் இப்படி ஒருநாளும் கையைப் பிடித்ததில்லை. இந்தப் பொய்யை வைத்துக்கொண்டு நாளைக்கு இவள் முகத்தில் எப்படி விழிப்பது?

"இல்லைங்க." பெரியக்கா ஆடிய தலையை நிறுத்தினாள். "நான் யாரையும் கிண்டல் பண்ணல. நடிக்கவும் இல்ல. என் சீட்டுல 'நல்ல தலைவி'ன்னுதான் இருக்கு. நல்லவன்னு காட்டத்தான் உயிரைக் குடுத்து நடத்தினேன். இதுலயும் கொஞ்சம் அடக்கித்தான் வாசிச்சேன். நெசத்துல நான் இன்னும் ரொம்ப நல்லவ!"

யாரும் சிரிக்கவில்லை. செயலாளர் பெண்ணின் பிடி தளர்ந்தது. பிறகு முன்னைவிட இறுகியது.

"சிரிக்கணும்னா சிரிச்சுக்கோங்க," என்று பெரியக்கா சீட்டைத் தூக்கிக் காட்டினாள். "இந்த ரூம்லயே நல்ல சீட்ட வாங்கி நாசம் பண்ணினவ நான் ஒருத்திதான்."

முன்வரிசையில் தையல்காரி தன் கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடினாள். பழ வியாபாரி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சலவைக்காரிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

டீச்சர் மெல்ல எழுந்து வந்து, கவிழ்ந்து கிடந்த டம்ளரை நிமிர்த்தி வைத்தார்.

"மோசமான தலைவின்னு நான் ஒரு சீட்டுகூட எழுதலைங்களே!"