முதலில் எந்தப் பக்கம்

பதினேழு மணி நேரமாக அவள் எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

இரவெல்லாம் மல்லாந்தே கிடந்தாள். காலையில் கணவன், “கழுத்துல சுளுக்கா, இல்ல எம்மேல கோவமா?” என்று கேட்டதற்குச் சுவரைப் பார்த்துக்கொண்டே இரண்டும் இல்லை என்றாள்.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். வலது காலுக்குப் பதிலாக இடது காலைப் படமெடுத்தால் வேலை போய்விடும். அப்படி ஒருமுறைகூட நடந்ததில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவளைக் காட்டி, இப்படி இருக்க வேண்டும் என்பார்கள்.

அப்படிப்பட்டவள்தான் இருபத்தொன்பது வருஷமாகத் தினமும் காலையில் தப்பான பக்கம் திரும்பியிருக்கிறாள்.

நேற்றுச் சாயங்காலம்தான் அது தெரிந்தது.

சனிக்கிழமைதோறும் ஆஸ்பத்திரி மாடியில் உடன் வேலை செய்பவர்களுக்கு அவள் யோகா சொல்லித்தருகிறாள். நேற்று ஒரு புது நர்ஸ் வந்திருந்தாள். அவளுக்கு யோகா கற்றுக்கொடுத்த மாஸ்டரிடமே ஏற்கெனவே கற்றவள். முதுகைத் திருகும் ஆசனம் முடிந்ததும் மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, கோச்சுக்காதீங்க. மாஸ்டர் வகுப்புல வலது பக்கம்தானே மொதல்ல திரும்புவோம்?”

அவள் முதலில் திரும்பியிருந்தது இடது பக்கம்.

மாஸ்டர் வாயால் எதையும் சொல்லித்தர மாட்டார். முதல் நாள் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் செய்வதைப் பார்த்துச் செய்ய வேண்டும். மறுநாளிலிருந்து ஆயுசுக்கும் கண்ணை மூடிக்கொண்டுதான்.

அவளுடைய முதல் நாளில் பஸ் தாமதமாகிவிட்டது. அவருக்குப் பின்னால் இடமில்லை, எதிரே உட்கார்ந்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அவளும் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

அவருக்கு அது வலது. அவளுக்கு இடது.

அப்புறம் கண்ணை மூடியவள்தான்.

தனக்கு மட்டும் என்றால் போகட்டும். ஒன்பது வருஷத்தில் நாற்பது பேர் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து கற்றிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு, சைக்கிள் கடைக்கு மேலே மாஸ்டர் வகுப்பு நடத்தும் அறைக்கு ஏறினாள். வகுப்பு முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். மாஸ்டர் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார். எழுபத்தாறு வயது, முதுகு இன்னும் அளவுகோல் மாதிரி.

சுருட்டிக் கொண்டுவந்த பாயை அவர் காலடியில் வைத்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன் அவர் கொடுத்தது, அவரே உட்கார்ந்த பாய். மாஸ்டர் தன் பாயைக் கொடுத்தால், இனி நீ சொல்லித்தரலாம் என்று அர்த்தம். அதைத் திருப்பிக் கொடுத்தவர்கள் இதுவரை யாரும் இல்லை.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிமுடித்தாள்.

மாஸ்டர் பாயைப் பார்த்தார்.

“நீ மொதல்ல வந்தப்ப இருந்த முதுகு வலி?” என்றார்.

“அது போயி இருவத்தெட்டு வருஷம் ஆச்சு மாஸ்டர்.”

“உங்கிட்ட கத்துக்கிற அந்த ஆம்புலன்ஸ் டிரைவர்? குனிஞ்சு செருப்பு மாட்ட முடியாதுன்னியே?”

“இப்ப சம்மணம் போட்டு உக்காந்து பேரனுக்கு ஷூ மாட்டிவிடுறார்.”

“அப்புறம் என்ன? எடுத்துக்கிட்டுப் போ. நீ இடது பக்கம் திரும்பறத நான் மொத நாளே பாத்தேன்.”

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதல் நாளே பார்த்திருக்கிறார். அப்படியென்றால் இது அவருக்குத் தெரியாமல் நடந்த தப்பு இல்லை. பதினேழு மணி நேரமாக இறுக்கிப் பிடித்திருந்த கழுத்தை மெல்ல அசைத்தாள். அது திரும்பியது. உயிர் வந்தது போலிருந்தது.

உடனே கோபமும் வந்தது.

“பாத்துட்டு ஏன் மாஸ்டர் ஒரு வார்த்த சொல்லல?”

அவர் சாத்திய ஜன்னலை மறுபடி திறந்தார்.

“இல்ல மாஸ்டர். உங்க குரு காட்டினதக் கூட்டாம கொறைக்காம காட்டுறேன்னு நீங்க சொல்லாத நாளே இல்ல. நான் அவர் முறையையே மாத்திட்டேன். தெரிஞ்சப்புறமும் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லித்தருவேன்? பாய் இங்கயே இருக்கட்டும்.”

எழுந்து வாசல்வரை போய்விட்டாள். ஒரு கால் செருப்புக்குள் நுழைந்தும்விட்டது.

“நில்லும்மா.”

கீழே யாரோ சைக்கிள் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அது நின்றதும் மாஸ்டர் சொன்னார்.

“எது சரின்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்.”

அவளுக்குப் புரியவில்லை. உங்கள் குரு காட்டவில்லையா என்று கேட்டாள்.

மாஸ்டர் மூச்சை வெளியே விட்டார். வகுப்புப் பழக்கத்தில் அவள் எண்ணினாள். எட்டில் முடிய வேண்டிய மூச்சு. பத்தானது. பதினைந்தானது. இருபத்தொன்றில் முடிந்தபோது, அளவுகோல் மாதிரி நின்ற அந்த முதுகு லேசாக வளைந்து, தோள்கள் இரண்டும் இறங்கியிருந்தன. இத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு சுகமாக நின்று அவள் பார்த்ததில்லை.

“முடிவெட்டுற கடையில ஒரு யோகாசனப் படம் ஒட்டியிருந்துச்சு. இந்தப் பக்கம்னு ஒரு அம்புக்குறிகூடக் கெடையாது. அதப் பாத்துத்தான் செஞ்சேன்.”

சிரித்துவிட்டார்.

“எனக்குக் குருன்னு யாருமே இருந்ததில்லம்மா.”