கொச்சியும் ஹட்டனும்

அலமாரியில் மனைவி அழகம்மையின் பாஸ்போர்ட் இல்லை. அதோடு இருந்த தோல்பையும் இல்லை. சோமசுந்தரம் அவளுடைய சேலைகளை ஒதுக்கிவிட்டு இன்னொரு முறை தேடினார். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

பங்களாவின் பின்கட்டில் வேலைக்காரி மீனம்மா விறகை உள்ளே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா எங்கே என்று அவளிடம் கேட்டார்.

"கோச்சிக்குப் போயிட்டாங்க தொரை. நீங்க காலைப் பெரட்டுல ஆள் கணக்கெடுக்கப் போனதும் கெளம்பிட்டாங்க. ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க."

கொச்சியைக்கூட இந்தப் பக்கத்து ஆட்கள் இழுத்துத்தான் சொல்கிறார்கள். மீனம்மா மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

கொச்சியில் தேயிலைக் கம்பெனிக் கணக்கராக இருந்த அவரை, இலங்கையின் ஹட்டனில் கம்பெனி எடுத்த தோட்டத்துக்கு மானேஜராக அனுப்பி நான்கு மாதம் ஆகிறது. வாழ்நாளெல்லாம் கனவு கண்ட நாற்காலி. வந்த நாளிலிருந்து ஜீப்பும் தோட்டமுமே கதி என்று திரிந்தார்.

நேற்றுச் சாப்பாட்டு மேசையில் மறுபடியும் அதே தராசு. இங்கே எட்டு அறைப் பங்களா, சமையலுக்கு ஆள், மின்விசிறியே வேண்டாத காற்று. கொச்சியில் கொசுவும் வியர்வையும் வாடகை வீடும் என்று அவர் அடுக்கினார். அங்கே கூப்பிட்டால் வந்து நிற்கும் தங்கச்சி, காலையில் போய்ச் சேர ஒரு பள்ளிக்கூடம், கணக்குச் சொல்லிக்கொடுக்கப் பிள்ளைகள்; இங்கே அட்டையும் பனியும், தோட்டத்தைத் தாண்டினாலே பாஸ்போர்ட்டைக் கேட்கும் ஆமிக்காரனும் என்று அவள் மறுதட்டை இறக்கினாள்.

"இப்படியே இன்னும் ஒரு நாள் என்னால இருக்க முடியாதுங்க," என்றாள் கடைசியில்.

மீன்குழம்பு நன்றாக இருக்கிறது என்று மட்டும் அவர் சொன்னார். அந்த நேரத்தில் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம்.

டெலிபோன் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இந்நேரம் விமான நிலையத்தில் இருப்பாள். நாளைக்குத் தங்கச்சி வீட்டில். அதற்குப் பிறகு, கடிதம் போட்டுக் கூப்பிட்டால் வருகிறவள் அல்ல அவள். எட்டு அறைகளிலும் மழைச் சத்தம் கேட்டது. ஒன்றில்கூட ஆள் இல்லை.

கொழும்புக்கு போன் போட்டார். தன்னைக் கொச்சிக்கே திருப்பி அனுப்பிவிடும்படி கம்பெனி டைரக்டரிடம் கேட்டார். அங்கே இடம் காலியில்லை, போவதானால் வேலையை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார் டைரக்டர். அப்படியே ஆகட்டும் என்றார் சோமசுந்தரம். லிந்துலைத் தோட்டத்தில் ஒருவர் இந்த நாற்காலிக்காகவே காத்திருக்கிறார், திங்கட்கிழமையே வந்து பொறுப்பெடுத்துவிடுவார், அதன்பிறகு வந்து கெஞ்சினாலும் நடக்காது என்று டைரக்டர் எச்சரித்தார்.

"கெஞ்ச மாட்டேன் சார்."

போனை வைத்தார். மனம் ஏனோ லேசாகியிருந்தது. பெட்டியைக் கட்டவேண்டும் என்று எழுந்தார்.

பொழுது சாயும் வேளையில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. நனைந்த சேலையோடு அழகம்மை நின்றாள். தோல்பையை மழைக்கு மறைத்து மார்போடு அணைத்திருந்தாள்.

"நீ கொச்சிக்குப் போகலையா?"

அவள் விழித்தாள். துவாலையோடு ஓடிவந்த மீனம்மாதான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"நான் கோச்சின்னுல்ல சொன்னேன் தொரை. எங்க பேச்சுல கோச்சின்னா ரயிலு."

அழகம்மை சிரித்தாள். இந்த வீட்டுக்கு வந்தபிறகு அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை. சிரித்தபடியே மூச்சுவிடாமல் சொன்னாள். ரயிலேறித் தலவாக்கலைக்குப் போனாளாம். அங்கே ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் தேடினார்களாம். கிடைக்காமல் போனால் அவர் கேலி செய்வார் என்றுதான் சொல்லாமல் போனாளாம். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டார்களாம்.

அவர் டெலிபோனைப் பார்த்தபடி நின்றார். அவள் பக்கத்தில் வந்து, குளிர்ந்துபோன தன் கையை அவர் கைக்குள் வைத்தாள்.

"இனிமே இதுதாங்க நம்ம ஊரு."